சேர்மனுக்கு ஒரு குறையும் இல்லை

அது என்னங்க அம்மணி கூடைக்குள்ள? மொசலா? அப்படீன்னா பஸ்ஸு கெளம்பறதுக்குள்ள சித்த அக்கட்டால தள்ளி வெய்யுங்க. கடிச்சுப்போடுமுன்னு பயமெல்லாம் இல்லீங்க. கடிக்கறதுக்கும் ஒரு ரோசம் வேணுமில்ல, அதுகிட்ட அது ஏது? எனக்கு அதைக் கண்டாலே ஆகாது, அவ்வளவுதான்.

யாருக்கு வாங்கினது, கொழந்தைகளுக்கா? சந்தையில ஜோடின்னு சொல்லிக் குடுத்தானாக்கும்? இங்க கொண்டாங்க, பாப்பம். மடியில மல்லாத்திப் போட்டு வாலுகிட்ட ரெண்டு விரல்ல லேசா அமுக்கினாத் தெரிஞ்சு போகுது. இந்தா, இது ஆணு. அதைக் குடுங்க. இதுவும் ஆணு. போச்சு போங்க! ரெண்டு தடியனுகளைக் கூடையில போட்டு ஜோடின்னு உங்க தலையில கட்டிட்டான். வளந்துச்சுன்னா ஒண்ணை ஒண்ணு கொதறிக்கும். தனித்தனிக் கூண்டு வாங்கி வெச்சுருங்க. ஏமாந்தது ஏமாந்தாச்சு.

எனக்கு எப்படித் தெரியுமுன்னுதான பாக்கறீங்க? தெரியாம என்னங்க. எந்தம்பி குடும்பத்தை ரெண்டாக்கினதே இந்தக் கழுதைகதான். கழுதைன்னு சொன்னாக் கழுதைக்கு அவமானம், அதாவது பொதி சுமக்கும். மொசலுக்காகப் புருசனை உட்டுட்டுப் போனவளை எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? எங்கூட்டுல நடந்துச்சு.

எந்தம்பி பேரு பூபதி. அம்மா போனப்பறம் அவனை வளத்து ஆளாக்கினவ நாந்தான். அவனுக்கு ஆயக்குடியில பொண்ணு எடுத்தோம். கலாமணின்னு பேரு. கொய்யாத் தோப்புக்காரவிய. பொண்ணு செவப்பா லட்சணமா இருந்தா, நாலு எழுத்துப் படிச்சிருந்தா, அதைப் பாத்து ஏமாந்துட்டேன். பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. வயித்துல ஒரு புழு பூச்சி உண்டாகல.

கோயமுத்தூரு, ஈரோடுன்னு அவ ஏறாத ஆஸ்பத்திரி இல்லீங்க. குழாய் உட்டுப் பாத்தாங்க, மயக்கம் குடுத்துப் பாத்தாங்க, மாத்திரைய அள்ளிக் குடுத்தாங்க. கடைசியில எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், ‘உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கீங்க, அடுத்தவாட்டி ஊட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க’. நல்லா இருந்தா ஆகியிருக்கோணுமில்ல? அப்படிப் படிச்ச டாக்டருக. எந்தம்பியக் கூட்டிட்டுப் போய் என்ன பண்றது? அவனுக்கு ஆயிரம் சோலி. ஆம்பளைய ஆஸ்பத்திரியில வரிசையில நிறுத்துனா நல்லாவா இருக்கும்?

நா ஒரு நாளும் அவளை மலடின்னு சொன்னதில்லீங்க. மொகத்துக்கு நேரா சொன்னதே இல்லை. அந்தப் பண்பு எங்கிட்ட உண்டு. ஒறம்பரை ஊட்டுல வளைகாப்பு வந்துச்சுன்னா, ‘கலா, நீ சமையக்கட்டுலயே நின்னுக்கோ கண்ணு, முன்னால வந்தீன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க’ன்னு காதோட காதாச் சொல்லி உள்ளாற நிறுத்திருவேன். அவ மனசு நோகப்படாதேன்னுதான். வேற நாத்தனாரா இருந்தா வாசல்லயே நிறுத்தியிருப்பா. அவளும் ‘சரிங்க நங்கையா’ன்னு போயி நின்னுக்குவா. நாத்தனாளை நங்கையான்னு மரியாதையாக் கூப்பிடறது எங்க பக்கத்துப் பழக்கம். வாயில மட்டும் மரியாதை குறையாது அவளுக்கு.

பூபதி திருப்பூருல சாயப்பட்டறையில இருந்தான். பட்டறைய மூடினதும் ஊருக்கே வந்துட்டான். வந்தவன் ஒரு மாடு கன்னு வாங்கலாமில்ல? செல்போன்ல எவனோ மொசப் பண்ணை வெச்சுக் கோடீசுவரன் ஆயிட்டானாம், அதைப் பாத்துட்டு இவனுக்கும் அந்தக் கெரகம் புடிச்சுருச்சு. எங்க ஊரு மூலனூருக்கு இந்தப்பக்கம், வெயிலுன்னா வெயிலு, மரம் மட்டை ஒண்ணுங் கெடையாது. பொட்டல்ல தகரக் கூரை போட்டுக் கூண்டு அடுக்கிட்டான்.

மொசக் கெடா ஒண்ணு கொண்டாந்தான் பாருங்க, கொடைக்கானல் மலையிலிருந்து. வெள்ளை வெளேர்னு, செவந்த கண்ணு, ஒவ்வொரு காதும் வெத்தலையாட்டம். அதுக்கு சேர்மன்னு பேரு வெச்சான். சேர்மனுக்குக் குதிரைமசால் தழை, சேர்மனுக்குக் கேரட், சேர்மனுக்கு ஊறவெச்ச கடலை. பொட்டைகளுக்கு மிச்சம் மீதி. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அதைத் தூக்கித் தூக்கிக் காட்டுவான். எனக்கும் அதும்மேல ஒரு இதுதான், பொய் சொல்லக் கூடாது. கம்பீரமா உக்காந்திருக்கும்.

இதுகளைச் சேத்தறதுக்கு ஒரு முறை இருக்குதுங்க. கெடாவத் தூக்கிப் பொட்டை கூண்டுல உடக் கூடாது. உட்டா அது தன்ற எடமுன்னு சொல்லிக் கடிச்சுத் தொரத்தும், இவனும் மூலை மூலையா மோந்துக்கிட்டே பொழுதை ஓட்டுவான். பொட்டையத்தான் கெடா கூண்டுக்குக் கொண்டு போகோணும். பொண்ணைக் கட்டிக் குடுத்து மாப்பிள்ளை ஊட்டுக்கு அனுப்பறமில்லீங்க, அப்படி. அந்த ஒரு விசயத்துல மட்டும் மொசலுக்குப் புத்தி இருக்குது. அப்பறம் என்ன, கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள ஆச்சு. கெடா தொப்புன்னு ஒருச்சாஞ்சு உழுந்து கெடப்பான், மலையப் பேத்துட்டு வந்தவனாட்டம். ஆடு மாடுன்னா பருவத்துக்கு வந்தாத்தான் கத்தும். இதுக்கு அதுவும் கெடையாது. கெடா சேந்தப்பறந்தான் உள்ள முட்டையே எறங்குதாம். மானங்கெட்ட பொறப்பு. ஒரு மாசத்துல குட்டி.

மார்கழி, தையில நல்லாத்தான் போச்சு. பெட்டி பெட்டியாக் குட்டி. கண்ணு தெறக்காம, மயிரில்லாம, செவச்செவன்னு பாக்கவே கொமட்டும். கலாமணி அதைக் கையில வெச்சுட்டு உக்காந்திருப்பா. சொந்தமா இல்லாதவ எதையாச்சும் வெச்சுக்கட்டுமுன்னு நானும் உட்டுட்டேன்.

பங்குனி பொறந்துச்சு. சேர்மன்கிட்டப் பொட்டைய உடறாங்க, சேருது, நாள் ஆகுது, குட்டி இல்லை. அடுத்ததை உடறாங்க, அதுவும் இல்லை. சித்திரையில தகரத்துக்குக் கீழ நின்னா மண்டை பொளந்து போகும், மொசலுக எல்லாம் வாயப் பொளந்துட்டு மூச்சு வாங்குது. ஒண்ணுக்கும் குட்டி இல்லை.

அதுல ஒரு கூத்து பாருங்க. வயித்துல ஒண்ணுமே இருக்காது. ஆனா அந்தப் பொட்டைக நெஞ்சு மயிரை வாயில புடுங்கிப் புடுங்கிப் பெட்டிக்குள்ள மெத்தை போட்டு வெச்சுட்டு அதும்மேல உக்காந்திருக்கும். பொய்ச் சினையாம் அதுக்குப் பேரு. கலாமணி நெசமுன்னு நம்பிட்டுத் தெனமும் பெட்டிக்குள்ள கைய உட்டுப் பாப்பா. மயிருதான் வரும். கண்ணு கலங்கிட்டு நிப்பா. எனக்குச் சிரிப்பு அடங்காது.

இவளும் ஒருக்கா அப்படிப் பண்ணினவதான். கல்யாணமான மறுவருசம் நாளு தள்ளிப் போச்சு. பூபதி தெருவுக்கே சக்கரை குடுத்துட்டான். பழைய சீலையெல்லாம் கிழிச்சு மடிச்சு வெச்சுக்கிட்டா. கடைசியில ஒண்ணுமில்லை, ரத்தம் கம்மியாம், அதனால தள்ளிப் போச்சாம். ‘ஊரையே ஏமாத்திட்டயே கலா’ன்னேன். சிரிச்சுட்டுத்தானுங்க சொன்னேன். அதையெல்லாம் மனசுல போட்டுப் பூட்டி வெச்சுக்கற பொம்பளைன்னு எனக்கென்ன தெரியும்?

சரி, குட்டி போடாத பொட்டைகளுக்கு எதுக்குத் தீனி? ‘கறிக்கடைக்குத் தள்ளி உட்டுர்றா பூபதி’ன்னேன். அவனும் சரீன்னான். கறிக்கடைக்காரன் வாரத்துக்கு ஒருக்கா வந்து காதைப் புடிச்சுத் தூக்கிச் சாக்குல போட்டுட்டுப் போவான். அவன் வண்டிச் சத்தம் கேட்டாலே கலாமணி உள்ள போயித் தாப்பாப் போட்டுக்குவா. நடிப்பு.

ஒரு நா எங்களைக் கேக்காம மாட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு வரச்சொல்லிட்டா. வந்தது ஒரு சின்னப் புள்ளை. சுடிதாரும் கண்ணாடியும், ஸ்கூட்டரும். அதுக்கே இன்னும் கல்யாணம் ஆகல, அது வந்து சினையப் பத்திப் பேசுது! கொட்டகைய நிமிந்து பாத்துச்சு, தகரத்தைத் தொட்டுப் பாத்துக் கைய உதறுச்சு. அப்பறம் கேட்டுச்சு.

“எல்லாப் பொட்டையையும் இந்த ஒரே ஆணோடதான் சேக்கறீங்களா?”

“ஆமாங்க மேடம். சேர்மன். கொடைக்கானல் எறக்குமதி” அப்படீன்னான் பூபதி.

“ஆணை மாத்திப் பாத்தீங்களா?”

எந்தம்பி சிரிச்சுட்டான். நானுந்தான். “ஏம்மா, எத்தனை பொட்டை குட்டி போடல, அதைப் பாரு. ஒத்தக் கெடாவையா கொறை சொல்றது?”ன்னு கேட்டேன்.

“அதனாலதாம்மா கேக்கறேன். எல்லாப் பொட்டையும் ஒரே நேரத்துல கெட்டுப் போகுமா?” அப்படீங்குது. வாயப் பாருங்க.

அதோட உட்டுச்சா? மறுநா காலையில சேர்மனையும் ஒரு பொட்டையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரச் சொல்லுச்சு. பூபதியும் கலாமணியும் கெளம்பினாங்க, அவன் கூச்சப்பட்டான்னு நானும் ஆட்டோவுல ஏறினேன். அங்க ரெண்டையும் சேத்தி, அப்பறம் பொட்டைகிட்டயிருந்து ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டுல எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சுச்சு. பாத்துட்டு பூபதியக் கூப்புட்டுச்சு. அவன் பாத்துட்டு நகந்துட்டான். அடுத்து கலாமணி பாத்தா. பாத்தா பாத்தா, குனிஞ்ச தலை நிமிரல.

“ஒண்ணுமே அசையலையே டாக்டர்.”

“அசையாது. எல்லாம் செத்துப் போச்சு. தகரத்துக்குக் கீழ இந்த வெயில்ல ஆண் முயலுக்கு விந்து கெட்டுரும். பாக்கறதுக்கு நல்லா இருக்கும், நல்லாவும் சேரும், ஆனா கரு நிக்காது. பொட்டைகளுக்கு ஒரு குறையும் இல்லை. தயவு செஞ்சு கறிக்குப் போடாதீங்க. ஆணை நெழலுக்கு மாத்தி, ஈரச்சாக்கு கட்டி, ஒரு ரெண்டு மாசம் பொறுத்துப் பாருங்க.”

என்னையும் பாக்கச் சொல்லுச்சு. நா மாட்டேன்னுட்டேன். அந்தக் கருமத்தையெல்லாம் எட்டிப் பாக்கறதுக்கா நா பொறந்திருக்கேன்?

திரும்பி வந்தோம். ஊட்டுக்குள்ள காலு வெச்சதுதான் தாமசம், கலாமணி சொன்னா, “ஏனுங்க, நாமளும் ஒருக்காப் போயி உங்களுக்குப் பாத்துட்டு வந்துரலாமுங்க.”

சத்தம் போட்டெல்லாம் சொல்லல. தண்ணி வேணுமான்னு கேக்கறாப்பலக் கேட்டா.

பூபதிக்கு மொகம் செத்துப் போச்சு. நா உடுவனா? “என்னடி கேட்ட? மொசலும் எந்தம்பியும் உனக்கு ஒண்ணா? எங்க பரம்பரையில எவனுக்குடி கொறை? நீ வெளங்காததுக்கு அவனை ஆஸ்பத்திரியில கண்ணாடித் துண்டுல வெச்சுப் பாக்கோணுமா?”ன்னு கேட்டுப்போட்டேன்.

அவ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலீங்க. அவனைத்தான் பாத்தா. “என்னைய எத்தனை பேரு பாத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும். நா ஒருக்காலும் மாட்டேன்னு சொல்லல. புள்ளை வேணுமுன்னுகூட இப்பக் கேக்கலீங்க. கொறை யாருக்குன்னு இன்னும் யாருக்கும் தெரியாது, அதை மட்டும் உங்க அக்காகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

பூபதி துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டு வெளிய போயிட்டான். அதுதான் ஆம்பளை. வெட்டிப் பேச்சுக்குப் பதில் சொல்லிட்டு நிக்க மாட்டான்.

அந்த வாரம் கறிக்கடைக்காரன் வந்தான். சாம்பக் கலருல ஒரு பொட்டை, அதுதான் நெஞ்சு மயிரைப் பூராம் புடுங்கி மெத்தை போட்டுட்டு உக்காந்திருந்துச்சு. அவன் கூண்டுல கைய உட்டதும் கலாமணி வந்து அந்தக் கையப் புடிச்சுட்டா. அடுத்தவன் கையிங்க! “இதுகளை இனி ஒண்ணும் பண்ணப்படாது. போயிட்டு வாங்கண்ணா”ன்னா. அவன் என்ன பண்ணுவான், பெப்பரப்பேன்னு முழிச்சுட்டுப் போயிட்டான். மறுநா அவ அண்ணன் ஆயக்குடியிலிருந்து டெம்போ கொண்டாந்தான். மிச்சமிருந்த பொட்டைகளைக் கூண்டோட ஏத்திட்டு, துணி மூட்டையோட அவளும் ஏறிட்டா. சேர்மனைத் தொடல. எங்கிட்ட மட்டும், “வர்றனுங்க நங்கையா”ன்னா. போறன்னு சொல்ல மாட்டா, அவளோட மரியாதை அது.

போனா போறான்னு நானும் உட்டுட்டேன். கொய்யாத் தோப்பு நெழலுக்குள்ள கூண்டு வெச்சிருக்கறாளாம். யாருகிட்டயோ சாதாரணக் கெடா ஒண்ணு வாங்கிச் சேத்தினாளாம். எல்லாம் பெட்டி நெறையக் குட்டி போட்டிருக்குதாம், அந்தச் சாம்பக் கலரு உட்பட. ஆயக்குடியிலிருந்து வந்தவ ஒருத்தி எங்கிட்ட அதைப் பெருமையாச் சொல்றா. மொசக் குட்டி போட்டதெல்லாம் ஒரு சேதியா? அது குட்டி போடாம வேற என்ன கலெக்டரு வேலைக்கா போகும்?

நா எந்தம்பிக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சுட்டேன். சின்னத்தாராபுரத்துல ஒரு எடம் தகைஞ்சு வந்துச்சு. புருசனை எழந்த புள்ளை, ஏற்கனவே ஒரு கொழந்தை இருக்குது. ‘காய்க்கற மரமுன்னு கண்ணால பாத்தே எடுத்துக்கலாம்டா’ன்னேன். பூபதி வாயே தெறக்கல. சரி, சம்மதமாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

அவன் என்ன பண்ணியிருக்கறான் தெரியுமுங்களா? எனக்குத் தெரியாம சேர்மனைத் தூக்கிட்டுப் போயிக் கெணத்து மோட்டார் ரூமுக்குள்ள வெச்சிருக்கறான். ஈரச்சாக்கு, மண் பானையில தண்ணி. அந்தக் கண்ணாடிப் புள்ளை சொன்னபடியே. ஆடி வந்து காத்து வீச ஆரம்பிச்சதும் பக்கத்து ஊருல ஒருத்தன்கிட்ட ஒரு பொட்டைய வாங்கி உட்டுப் பாத்திருக்கறான். மாசம் திரும்பினா குட்டி! நா சொல்லல, சேர்மனுக்கு ஒரு கொறையும் இல்லைன்னு?

அந்தக் குட்டி பொறந்த மறுநா எங்கூட்டுக்கு வந்தான். சாப்பாட்டுல உக்காந்திருந்தேன். எதுக்கால சம்மணம் போட்டு உக்காந்தான்.

“அக்கா, சின்னத்தாராபுரத்துக்காரவியளுக்கு வேண்டாமுன்னு சொல்லிரு.”

“ஏன்டா?”

“ஈரோட்டுக்குப் போயிப் பாத்துட்டு வந்தேன். ரெண்டு எடத்துல பாத்தாச்சு. கொறை எனக்குத்தான்.”

தட்டைத் தள்ளி வெச்சேன். ஆனா எங்கயோ தப்புன்னு உடனே புரிஞ்சுபோச்சு. “சாயப்பட்டறைச் சூட்டுல நின்னவன்டா நீ. அதனாலதான் இருக்கும். சேர்மனுக்குச் சரியாச்சில்ல? நீயும் ரெண்டு மாசம் நெழல்ல இரு. மோட்டார் ரூம்லயே கட்டலைப் போட்டுக்கோ. ஈரத்துணி போட்டுட்டுப் படு”ன்னேன். நல்லதுக்குத்தான சொன்னேன்? அவன் சிரிக்கறான். சிரிச்சுட்டே கண்ணைத் தொடைக்கறான்.

“இது வெயிலு இல்லக்கா. சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சான்னு டாக்டரு கேட்டாரு. அப்ப வந்ததுல போயிருச்சாம். இனி திரும்பாது.”

இதைக் கேட்டதும் எனக்கு டாக்டருக மேல இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போச்சுங்க. பொன்னுக்கு வீங்கி கன்னத்துல வர்றது. நாந்தான அவனைப் பாத்துக்கிட்டேன்? மீசை மொளைக்கற வயசு. மொகமெல்லாம் பூசணிக்காயாட்டம். என்ற சங்கிலியக் கழட்டி அவன் கழுத்துல போட்டேன். கீழயும் வீங்கி நடக்க மாட்டாம காலை அகட்டிட்டுக் கெடந்தான், வேப்பெண்ணெய் காச்சிக் குடுத்தேன், ஒரு வாரத்துல எந்திரிச்சு ஓடிட்டான். கன்னம் வீங்கினதுக்கும் புள்ளை இல்லாததுக்கும் என்னங்க சம்பந்தம்? காசு புடுங்கறதுக்கு ஒரு காரணம்.

“வெளிய சொல்லாதடா”ன்னேன். “உள்ளயே இருக்கட்டும். பொண்ணு நா பாத்துக்கறேன்”னேன்.

“பத்து வருசமா வெளிய சொன்னது அவளைப் பத்தித்தானக்கா. இனி என்னையப் பத்திச் சொல்லு” அப்படீன்னுட்டு எந்திரிச்சான். எவ்வளவு திமிரு பாத்தீங்களா? வளத்தவகிட்டப் பேசற பேச்சா அது? அன்னைக்கே சேர்மனைக் கூடையில வெச்சுட்டு பஸ் ஏறிட்டான், ஆயக்குடிக்கு.

பின்னாலயே போனேன், கூட்டியாந்துரலாமுன்னு. போயிப் பாத்தா எந்தம்பி மொழங்காலு வரைக்கும் லுங்கிய மடிச்சுக் கட்டிக் கூண்டுத் தட்டைக் கழுவிட்டிருக்கறான். மொசப் புழுக்கை! சாயப்பட்டறையில சூப்பர்வைசரா இருந்தவன். மொத ஒரு மாசம் அவ ஊட்டுக்குள்ள சேத்தவே இல்லையாம், தோப்புக் காவக் குடிசையில படுத்திருந்தானாம். கேட்டா, “அவ சொன்னதுல என்ன தப்பு”ங்கறான். இப்பச் சேத்திக்கிட்டா. ரெண்டும் சேந்து குட்டிகளுக்குப் பேரு வெச்சுட்டுச் சிரிச்சுட்டுக் கெடக்குதுக. புள்ளையப் பத்திப் பேச்சே கெடையாது. ஏதோ அனாதைக் கொழந்தைய எடுத்து வளக்கறதுக்கு எழுதிக் குடுத்து வெச்சிருக்காங்களாம். எவன் பெத்ததோ! எனக்கு அங்க ஒரு வாய் தண்ணி குடிக்கப் புடிக்கல. குடிச்சேன், வெயிலு.

அதோட அந்த ஊட்டுச் சங்காத்தமே வேண்டாமுன்னு இருந்தேன். ஆனா என்ற கெரகம் உடுதா? எனக்கு ஒரே பொண்ணு, தாரணி. பல்லடத்துல கட்டிக் குடுத்திருக்கறேன். மூணு வருசம் ஆகப் போகுது. இன்னும் ஒண்ணும் ஆகல. சின்னஞ்சிறுசுக, ஆகும். அதுக்கு அவ மாமியாக்காரி, அந்த ராட்சசி, என்ன சொல்லியிருக்கறா தெரியுமுங்களா? ‘எம்மவனுக்கு ஒரு கொறையும் இல்லை, வந்தவதான் சரியில்லை. மார்கழி முடியட்டும், வேற பாத்துக்கறோம்.’ கோயில்ல, நோம்பித் திருவிழா சாட்டுன அன்னைக்கு, அத்தனை பொம்பளைகளுக்கு முன்னால!

எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சுங்க. பொம்பளையா அவ? அவளும் ஒரு பொண்ணைப் பெத்தவதான? நேராப் போன் போட்டேன். ‘ஏனுங்க சம்மந்தி, எம்பொண்ணைக் கொறை சொல்றதுக்கு முன்னால உங்க மவனைக் கூட்டிட்டுப் போயிப் பாருங்க. பொட்டை மேலயே எல்லாத்தையும் போட்டுட்டாச் சரியாப் போச்சா? கெடா பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும், கரு நிக்காது, தெரியுமா உங்களுக்கு? ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டுல வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சு போகுது, டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க’ன்னு கிழிச்சுட்டேன். அவ போனை வெச்சுட்டா. படிப்பில்லாத ஜென்மம். இந்தக் காலத்துலயும் இப்படி இருக்காங்க பாருங்க, என்ன பண்றது?

சரி, பொண்ணைக் கொஞ்ச நாளைக்கு எங்கூட்டுல கொண்டாந்து வெச்சுக்கலாமுன்னு தாரணிக்குப் போன் பண்ணினா, அவ பல்லடத்துல இல்லை. ஆயக்குடியில இருக்கறா. இவதான் போயிக் கூட்டியாந்திருக்கறா, கலாமணி. மாமியாகிட்ட மரியாதையாப் பேசி, மாப்பிள்ளைகிட்டத் தனியாப் பேசி, ரெண்டு பேரும் சேந்து டாக்டருகிட்டப் போறதுக்கு அந்தப் பையனைச் சம்மதிக்க வெச்சுட்டு வந்திருக்கறா. பூபதியும் கூடப் போயி, தன்ற கதையச் சொன்னானாம். வெக்கம் மானம் இல்லாம! யாரு கேட்டா அவனை?

“அம்மாவுக்கு ஒரு போன் போடலாமில்ல கண்ணு? பெத்தவ நா இருக்கறப்ப அவகிட்டப் போயா சொல்லுவ?”ன்னு கேட்டேன்.

எம்பொண்ணு சொல்றா, “உங்ககிட்ட வந்தா நீங்களும் எங்க மாமியா பேசறதைத்தானம்மா பேசுவீங்க.”

நானா? நா அப்படிப் பேசறவளா? நீங்களே சொல்லுங்க அம்மணி, தாராபுரத்துலருந்து கேட்டுட்டு வர்றீங்க. நா ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருப்பனா? ஒரு வாரமா யோசிக்கறேன், பிடிபடல. அந்த மொசக்காரி என்னமோ சொல்லிக் குடுத்திருக்கறா, அதுதான். நேர்ல போயி நாலு கேள்வி கேட்டுட்டு எம்பொண்ணைக் கூட்டிட்டு வரத்தான் போறேன்.

என்னங்க பேச்சைக் காணோம்? சன்னலுக்கு வெளிய என்ன தெரியுது? சரி உடுங்க. சில பேருக்கு மனுசங்க கஷ்டம் புரியாது.

ஆயக்குடி வந்துருச்சாட்டம் இருக்குது. கொய்யாக் கூடையா வெச்சு உக்காந்திருக்காங்க பாருங்க ரோட்டோரம். அட, அந்தா நிக்கறா! கொடை புடிச்சுட்டு, மரத்தடியில. அவதான் கலாமணி. நா வர்றன்னு தாரணிகிட்ட மட்டுந்தான் சொன்னேன், இவளை யாரு வரச்சொன்னா? என்னையக் கூட்டிட்டுப் போக வந்துட்டாளாமா! அந்தத் திமிரைத்தான் சொல்றேன். நடந்து போக எனக்கு வழி தெரியாதாக்கும்.

அம்மணி, மேல அந்தப் பச்சைப் பை, அதை எறக்குங்க. கனம், பாத்து. எனக்குக் கையத் தூக்கினா தோள்பட்டை புடிச்சுக்கும், படியிலயும் தூக்கிட்டு எறங்க முடியாது. சன்னல் வழியா அவகிட்டயே குடுத்துருங்க. ஏய் கலா, இங்க, இந்த சன்னலு! ரெண்டு கையாலயும் புடி. அடியில முட்டை இருக்குது.